மெஷின் ஆஃப் என்று நான் எழுதியது

இனயத்து மீனவர் சங்கத்துக்கு உப்புக்காற்றில் அரிக்காதபடி கேபிள் இழுத்தவன் நான். முட்டத்தில் ஓர் ஐஸ் கம்பெனிக்கு ஒரே சர்வர் பெட்டிக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓடவைத்துக் காட்டியவன் நான். அப்போது நாகர்கோவிலில் பெரிய கடை போட்டிருந்தவர்களே, "அதெல்லாம் பெங்களூருல செய்ய வேண்டிய வேலையாக்கும்" என்று கையை விரித்தார்கள். கருங்கல் சந்தைப் பக்கம் தகரக் கூரைக் கடையில் இருந்துகொண்டு, உலகம் முழுக்க ஓடுகிற, யாரும் திறந்து பார்த்துத் திருத்தலாம் என்கிற திறமூல மென்பொருளில் பெரிய பெரிய பிழைகளைப் பிடித்தவனும் நானே. எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இங்கிலீஷ், வளைகுடாவில் பிலிப்பைன்ஸ்காரனோடு சேர்ந்து கூரைக்குள் கேபிள் இழுத்தபோது காதில் விழுந்தது. லினக்ஸ், 2004-ல் ஊர் திரும்பிய பிறகு ஒரு பத்திரிகையோடு வந்த சிடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் போட்டு, கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

நம் லினக்ஸ் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, பழைய ஆட்கள் தங்கள் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். "அண்ணே, ஒரு பக்கம் போதும்" என்றும் சொன்னீர்கள். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற ஆள் நான் இல்லை, மக்களே. வாசியுங்கள்.

எனக்கு வெப்ராளம் கூடுதல். ஓர் இடத்தில் உட்கார்ந்து யோசிக்க வராது. எழுந்து நடப்பேன், ஸ்குரூடிரைவரால் மேசையைத் தட்டுவேன், டீ சொல்லிவிட்டுக் குடிக்க மறந்து வெளியே போய் நிற்பேன். பொறுமை இருந்தால்தான் பிழை பிடிக்க முடியும் என்று உங்களுக்கு யாராவது சொல்லித் தந்திருந்தால் அதை நம்ப வேண்டாம். பொறுமைசாலிகள் பெட்டியை அணைத்துப் போட்டுவிட்டு, ஓடுகிறது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எதனால் ஓடவில்லை, எதனால் இப்போது ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

முட்டம் ஐஸ் கம்பெனி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே பெட்டிக்குள் மென்பொருளாகவே ஓடுகிற அந்தக் கம்ப்யூட்டர்களை விஎம் என்போம். அவற்றில் ஒன்று மற்றவற்றுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க வேண்டும். கையால் முகவரி எழுதினால் எல்லாம் ஓடியது. தானாகக் கேட்டால் மட்டும் கிடைக்கவில்லை. வந்தவன் போனவன் எல்லோரும் கேபிளைக் கை காட்டினார்கள். கேபிள் போட்டவன் நான்.

"எனக்க கேபிளு தப்பு செய்யாது" என்றேன்.

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "ஆமா, தாசையனுக்க கேபிளு மாதா கோயில் கொடிமரமாக்கும். அதுக்கு வருசாவருசம் திருநாளும் எடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கேபிளைப் பிடுங்கி எறிந்தேன். பிடுங்கிய பிறகும், ஒரே பெட்டிக்குள் இருக்கிற விஎம்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதும் கிடைக்காமல் போவதும் அப்படியே நடந்தது. கேபிள் இல்லாமலே தப்பு நடக்கிறதென்றால் தப்பு கேபிளில் இல்லையே! விஷயம் இதுதான்: நெட்வொர்க்கில் போகிற ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சரிபார்ப்பு முத்திரை இருக்கும். அனுப்புகிற விஎம், 'வாசலில் இருக்கிற நெட்வொர்க் அட்டை முத்திரை குத்திக்கொள்ளும்' என்று அந்த இடத்தை நிரப்பாமல் விட்டது. பெட்டியை விட்டு வெளியே போனால்தானே வாசல்? பக்கத்து அறைக்குப் போகிற பொட்டலத்துக்கு வாசலும் இல்லை, முத்திரையும் இல்லை. மற்ற நிரல்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை; முகவரி வாங்குகிற நிரல் மட்டும் முத்திரை பார்த்துத் தூக்கி எறிந்துவிட்டது.

இதை, விஎம்களை ஓட்டுகிற திறமூல மென்பொருளின் மின்னஞ்சல் குழுவில் எழுதினேன். அங்கேதான் எனக்கு அந்த மனிதர் கிடைத்தார். பெயர் இன்றுவரை தெரியாது. சிறிய எழுத்தில் இரண்டே எழுத்துக்களில் கையெழுத்து வைப்பார். எந்த நாடு என்றும் தெரியாது. எனக்குப் பாடம் எதுவும் எடுத்ததில்லை. கேள்வி மட்டும்தான் கேட்பார். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரே கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனால் பாதி வேலை முடிந்திருக்கும். என்னைச் செய்தவன் நான்தான், அதில் யாருக்கும் பங்கு கிடையாது. ஆனாலும் அந்த மனிதருக்கு ஒரு நாற்காலி போடுவேன்.

இனி, நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

எங்கள் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே பரிசோதனைக்கூடம், மருந்துக்கடை, பில் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் தனித்தனி விஎம்களாக நான்தான் ஓடவிட்டிருந்தேன். கரண்டு நாளுக்குப் பலமுறை போய் வந்த வருடங்கள் அவை. உங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அடிக்கடி போய் வந்ததில் ஆஸ்பத்திரி யுபிஎஸ்ஸின் பேட்டரிகள் ஊதிப்போயிருந்தன. புதியவை வரவேண்டும். அதுவரைக்கும், கரண்டு போய் ஜெனரேட்டர் பிடிக்கிறதற்குள் பெட்டி ஒருமுறை செத்துப் பிழைக்கும்.

பரிசோதனைக்கூடத்தில் ஜெசிந்தா என்று ஒரு பெண். இனயத்துக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்கு வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை ஏறக்குறைய உறுதியாகியிருந்தது. இங்கே வேலை பார்த்த அனுபவச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் அவள் பதிந்த ரத்தப் பரிசோதனை முடிவுகள் காணாமல் போகத் தொடங்கின. டாக்டர் திறந்து பார்த்தால் இடம் வெறுமையாக இருக்கும். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஒருவருக்கு மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டிவந்தது. அவருடைய சொந்தக்காரர்கள் சத்தம் போட்டார்கள். செய்யாத பரிசோதனையைச் செய்ததாக ஜெசிந்தா சொல்கிறாள் என்று ஆஸ்பத்திரியில் எழுதி, விசாரணை முடிகிறவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் நேராக என் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, நான் சேவ் குடுத்தேன். பதிஞ்சாச்சுன்னு பச்சையா எழுதி வந்துது. பொறவுதான் கரண்டு போச்சு. நான் பொய்யா சொல்லுகேன்?"

"பச்சையா வந்துதுன்னு நல்லாப் பாத்தியா பிள்ளே?"

"பச்சைக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்கா ரத்தம் டெஸ்ட் செய்ய வேல தந்திருக்கு? ஒங்க பெட்டி பொய் சொல்லுதுண்ணே. நீங்க கொண்டு வெச்ச பெட்டி."

என் பெட்டியை என் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னவர்கள் அதுவரை யாரும் கிடையாது. கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்ன வரிசை என் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முதலில் பச்சை. பிறகு கரண்டு. அந்த வரிசை உண்மையென்றால், மென்பொருள் எழுதாததை எழுதியதாகச் சொல்கிறது என்று அர்த்தம்.

உடனே மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். என் இங்கிலீஷில், சுருக்கமாக: விஎம்மில் சேவ் செய்கிறோம், பதிந்ததாக வருகிறது, மெஷின் ஆஃப் ஆகிறது, திரும்ப வந்தால் பதிந்தது இல்லை. மறுநாளே ஒருவர் பதில் போட்டார். அவர் செய்து பார்த்தாராம்; ஒன்றும் தொலையவில்லையாம்; புகாரை மூடிவிட்டாராம். நான் மறுபடி எழுதினேன். மறுபடியும் மூடினார்கள். முழுக்க கேபிடல் எழுத்தில் எழுதினேன். அதற்கு இன்னொருவர், கத்த வேண்டாம் என்று எழுதினார். கத்தினேன் என்று யார் சொன்னது? எங்கள் கடற்கரையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பதே அந்தச் சத்தத்தில்தான்.

இதற்கு நடுவே புதிய பேட்டரிகள் வந்து இறங்கின. ஆஸ்பத்திரி மேனேஜர் கூப்பிட்டார். தோளில் மடித்த துண்டும் சட்டைப்பையில் இரண்டு பேனாவுமாக இருப்பார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன்.

"தாசையா, பேட்டரி வந்தாச்சு. இண்ணைக்கே மாட்டும்."

"மாட்டுனா கரண்டு போனாலும் பெட்டி ஓடும் சாரே. பொறவு அந்தத் தப்பு வெளிய வராது."

"தப்பு வராம இருக்கதுக்குத்தானேவோய் பேட்டரி?"

"அப்ப ஜெசிந்தா?"

"அது வேற கேஸு. அத விசாரணையில பாத்துக்கிடலாம். இஞ்ச ஆளு சாவக் கெடக்கான், நீரு தப்ப வளத்துகிட்டு இருக்கீரு. அது என்ன, ஆட்டுக்குட்டியா?"

மக்களே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். பிழையோடு வேலை செய்கிறவர்களுக்கு வருகிற மிகப் பெரிய இக்கட்டு இதுதான். பேட்டரியை மாட்டினால் ஆஸ்பத்திரி பிழைக்கும்; பிழை ஒளிந்துகொள்ளும்; ஜெசிந்தா பொய்க்காரியாகவே நின்றுவிடுவாள். மாட்டாவிட்டால் பிழை கண்ணுக்கு முன்னால் இருக்கும்; ஆனால் இன்னொரு நோயாளியின் முடிவு தொலையும். நான் அந்த வராந்தாவில் மேலும் கீழுமாக நடந்தேன். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் என்னை மனைவியின் பிரசவத்துக்குக் காத்திருப்பவன் என்று நினைத்திருப்பார்கள். ஒரு கிழவி, "பயப்படாத மக்களே, சுகப்பிரசவமா இருக்கும்" என்றாள்.

முடிவெடுத்தேன். பேட்டரியை அன்றே மாட்டினேன். நோயாளியின் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பிழை பிடிக்கிற உரிமை நமக்குக் கிடையாது. ஆனால் போகிறதற்கு முன்னால் ஆஸ்பத்திரிப் பெட்டியில் இருந்த அமைப்பு முழுவதையும், நோயாளிகளின் விவரம் இல்லாமல், அப்படியே நகலெடுத்தேன். என் கடையில் ஒரு பழைய பெட்டி இருந்தது. அதில் அதை ஏற்றினேன். யுபிஎஸ் இல்லாமல், நேராகச் சுவரில் சொருகினேன். எந்தப் பெரிய கம்பெனியிலும் இல்லாத ஒரு பரிசோதனைக் கருவி எங்கள் ஊரில் இருந்தது: கரண்டு வெட்டு. மின்வாரியம் நாள் தவறாமல் அதை ஓட்டியது. விஎம்முக்குள் ஒரு சின்ன நிரல் எண்களை வரிசையாக இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். பதிந்தாச்சு என்று பதில் வந்ததும் அந்த எண்ணைப் பக்கத்து லேப்டாப்புக்கு அனுப்பும். கரண்டு போகும். வரும். ஒப்பிடுவேன்.

தொலைந்துகொண்டே இருந்தது. லேப்டாப்பில் இருந்த எண் பெட்டியில் இல்லை. ஜெசிந்தா பார்த்த பச்சையை நானும் பார்த்துவிட்டேன்.

இதையெல்லாம் திரும்ப எழுதினேன். இந்த முறை அந்த இரண்டெழுத்து மனிதர் வந்தார். வழக்கம்போல ஒரே கேள்வி: 'ஆஃப் என்று நீ எதைச் சொல்கிறாய்?'

எனக்கு எரிச்சல் வந்தது. ஆஃப் என்றால் ஆஃப்தான். அதில் என்ன கேள்வி? கடைக்கு வெளியே போய், உள்ளே வந்து, மறுபடி வெளியே போனேன். எதிர்க் கடையில் வெற்றிலைக்காரர் யாரிடமோ செல்போனில், "லைனு ஆஃபு, மிக்சி ஆஃபு, எல்லாம் ஆஃபு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்றுவிட்டேன்.

நம் ஊரில் ஆஃப் ஆயிட்டு என்றால் கரண்டு போச்சு என்று அர்த்தம். கேட்கிறவர் யாரும் வேறு அர்த்தம் எடுக்கமாட்டார். ஆனால் கரண்டே போகாத ஊரில் இருக்கிறவனுக்கு? மெஷின் ஆஃப் என்று வாசித்ததும் அவன் விஎம்மை மட்டும் அணைத்திருக்கிறான், அல்லது அதை ஓட்டுகிற நிரலைக் கொன்றிருக்கிறான். அடியில் இருக்கிற நிஜப் பெட்டி அவனுக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. விஎம் செத்தாலும், அது ஒப்படைத்தது நிஜப் பெட்டியின் நினைவகத்தில் உயிரோடு இருக்கும். பெட்டி அதைச் சாவகாசமாக ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதிவிடும். பிறகு எப்படித் தொலையும்? கரண்டே போனால்தான் நினைவகத்தில் இருப்பது அழியும். அவன் செய்த பரிசோதனையும் சரி. நான் எழுதிய ஆஃபும் சரி. அவனுக்குக் கரண்டு கம்பெனி சரியில்லை, அவ்வளவுதான்; ஒழுங்காகக் கரண்டு தந்து ஆளைக் கெடுத்து வைத்திருக்கிறது.

பதில் எழுதினேன்: சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கு.

கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வந்தது: 'ஓ.'

பிழை இதுதான்: விஎம் கேட்டது, "இதை நிஜ வட்டில் எழுதிவிட்டாயா?" விஎம்முக்கும் வட்டுக்கும் நடுவில் இருந்த மென்பொருள் அடுக்கு, கேள்வியைக் கீழே அனுப்பாமலே, "எழுதியாச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உங்களுக்குப் படிப்பு வேண்டாம். கல்யாண வீட்டிலிருந்து போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், வேட்டிகூடக் கட்டாமல் நின்றுகொண்டு "வந்தாச்சு" என்று சொல்கிறோம் இல்லையா? அந்த அடுக்கு அந்த மாதிரி ஆள். நடுவழியில் ஏதும் ஆகாதவரை அவன் சொன்னது பொய் என்று யாருக்கும் தெரியாது.

திருத்தம் வெளிவந்தது. நான் திருத்தத்தைப் பெட்டியில் ஏற்றி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி பிடுங்கி, மறுபடியும் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றும் தொலையவில்லை. திருத்தத்தோடு வந்த குறிப்பை அச்சடித்து எடுத்துக்கொண்டு விசாரணைக்குப் போனேன். ஜெசிந்தா ஓரத்தில் நின்றாள். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை மெதுவாக வாசித்தார்.

"ஒரு பயனர் தெரிவித்ததுன்னு போட்டிருக்கு. யாரு அந்தப் பயனர்?"

"நான்தான் சாரே."

"ஒம்ம பேரு எங்க?"

"போடல்ல."

"நம்ம ஆஸ்பத்திரிக்க பேரு?"

"அதும் இல்ல. ஆனா நான் வேணும்னா பிளக்க பிடுங்கிக் காட்டுகேன்."

"எதுல? இஞ்ச பேட்டரி மாட்டியாச்சு. ஒம்ம கடையில பிடுங்கினா அது ஒம்ம பெட்டி. உலகத்துல யாருக்கோ வந்த சீக்கு இஞ்சயும் வந்துதுன்னு இந்தத் தாளு சொல்லுதா? சொல்லும் தாசையா, நானும் மேல பதில் சொல்லணும்லா?"

பதினெட்டுப்பட்டிக்கும் கேட்கிற குரல் எனக்கு. ஆனால் தாளில் இல்லாத பெயரை எந்தக் குரலால் வாசிப்பது? ஜெசிந்தாதான் பேசினாள்.

"அந்த ஒரு பயனர் நானாக்கும் சாரே. மொதல்ல பாத்தது நான். அண்ணன் பொறவு பாத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் கடைசியாக ஒரு வரி: குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. குற்றமில்லை என்று எழுதவில்லை. வளைகுடா ஆஸ்பத்திரி அந்த வரியை வாசித்துவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகப் பதில் அனுப்பியது. ஜெசிந்தா இன்று திங்கள்சந்தையில் ஒரு சின்ன லேபில் இருக்கிறாள். வேறு நாடுகளுக்கு விண்ணப்பிக்கிறபோதெல்லாம் அந்த வரி அவளுக்கு முன்னால் போய் நின்றுகொள்கிறது.

நான் இரண்டெழுத்து மனிதருக்கு எழுதினேன். என் பெயரைப் போடு என்றேன். அவர் உண்மையாகவே வருந்தினார். பெயரைக் கேட்டுப் போட்டிருக்க வேண்டும் என்றார். ஆனால் பதிவாகிவிட்ட மாற்றத்தின் குறிப்பைப் பிறகு திருத்த முடியாதாம். திருத்தினால் அதற்கு மேல் அடுக்கியிருக்கிற எல்லாம் குலைந்துவிடுமாம். அது சரிதான் என்று எனக்கும் தெரியும். பிறகு அவரும் அந்தக் குழுவை விட்டுப் போய்விட்டார்.

ஆனால் அந்த மென்பொருளோடு பங்களிப்பாளர் பட்டியல் என்று ஒரு கோப்பு தனியாக வருகிறது. அது திருத்தக்கூடியது. ஒவ்வொரு வெளியீட்டிலும் யாராவது அதில் வரி சேர்க்கிறார்கள். அதில் எழுத்துப்பிழை திருத்தியவன் பெயர் இருக்கிறது, லோகோ வரைந்தவன் பெயர் இருக்கிறது. உங்களில் இரண்டு பேருக்கு இப்போது அந்தத் திட்டத்தில் நேரடியாக மாற்றம் செய்கிற அனுமதி கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதனால்தான் உங்கள் ஒரு பக்கத்தை இத்தனை பக்கமாக எழுதினேன்.

அந்த ஆஸ்பத்திரியில் இப்போது வேறு மேனேஜர். பெயரோடு தாள் கொண்டுவந்தால் சான்றிதழை மாற்றி எழுதித் தருவதில் தனக்குத் தடையில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஜெசிந்தாவிடம் இதைச் சொன்னபோது, "ஒங்க பேரு மேல, எனக்க பேரு கீழயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பரவால்ல, ஸ்பெல்லிங்கு மட்டும் ஒழுங்காப் போடச் சொல்லுங்க. பாஸ்போர்ட்டுல இருக்கது மாதிரி" என்றாள்.

ஆகவே நான் கேட்பது உபகாரம் அல்ல. நன்றி என்று பொதுவாக ஒரு சொல் போட்டு முடிக்க வேண்டாம்; கூட்டத்தில் பொன்னாடையும் வேண்டாம். அடுத்த வெளியீட்டில், அந்தக் கோப்பில், அந்தத் திருத்தத்தின் எண்ணைப் போட்டு, அதற்கு எதிரே இந்த வரி வர வேண்டும்: கரண்டு போகும்போது பதிந்தவை தொலைகிற பிழையைக் கண்டுபிடித்து நிரூபித்தவர் எ. தாசையன், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம். அதை முதலில் கண்டவர் பரிசோதனைக்கூடப் பணியாளர் ஜெசிந்தா, இனயம். அவளுடைய பாஸ்போர்ட் நகலை இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போடுங்கள்.